போட்ட டிக் யாருக்கு? அட்டவணையில் நிரைத் தெரிவு பற்றித் தொடக்கநிலையாளருக்கு

பெரும்போக விதைப்பு முடிந்து பசளை கொடுக்கிற கிழமை. மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு கமக்காரர் அமைப்புக்கு நான் செய்துகொடுத்த வலைச்செயலியில் 640 பேரின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு செக்பொக்ஸ். யூரியா மூடையை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு டிக் போட்டுவிட்டு, மேலே இருக்கிற ‘வழங்கியாயிற்று’ பொத்தானை அழுத்தினால் சரி. செயலாளர் அக்கா அன்று காலை 14 பேருக்கு டிக் போட்டார். பிறகு ஒருவரைத் தேட வசதியாக இருக்குமே என்று ‘பெயர்’ என்ற தலைப்பில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டியல் அகரவரிசைக்கு மாறியது. தேடினவரைப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நாள் ஒரு ஐயா வந்து நின்றார். “நான் ஒரு மூடையும் எடுக்கல்ல மனே. எடுத்ததெண்டு கிடக்காமே?”

“நான் சரியாத்தான் போட்டன் தம்பி” என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவருடைய குரல் இறங்கிப் போயிருந்தது. அவர் சரியாகத்தான் போட்டிருந்தார். நான் எழுதின செயலிதான் அவர் டிக் போட்ட 14 பேரை விட்டுவிட்டு வேறு 14 பேரைப் பிடித்திருந்தது. அந்த ஐயா தன் பங்கு போய்விட்டது என்று ஒரு இரவு முழுக்க நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் நிரைத் தெரிவு என்ற சின்ன விடயத்தை நான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். இப்போது வேலை பழக வருகிற தம்பி தங்கைகளுக்கு முதல் கிழமையே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுக்கின மூடைகள்

பள்ளிக்கூடத்துத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்திருப்பீர்கள். கிடையாக ஓடுவது நிரை, நெடுக இறங்குவது நிரல். எங்கள் அட்டவணையில் ஒரு நிரை என்றால் ஒரு கமக்காரர். செக்பொக்ஸில் டிக் போடும்போது, செயலி அந்தத் தெரிவை எங்கேயோ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதை நினைவில் வைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் செய்தது இதுதான்: “3ஆவது நிரை, 7ஆவது நிரை, 12ஆவது நிரை” என்று இடத்தின் எண்களை வைத்துக்கொண்டேன். டிக் போடும்போது 3ஆவது நிரையில் சின்னத்தம்பி இருந்தார். அகரவரிசைக்கு மாறியதும் அதே 3ஆவது இடத்துக்கு அழகம்மா வந்துவிட்டார். செயலியின் கணக்கில் 3 இன்னும் 3தான். ஆகவே அழகம்மாவுக்கு வழங்கியாயிற்று என்று எழுதிவிட்டது. திரையிலும் டிக் அழகம்மாவின் பெயருக்கு நேரே போயிருக்கும். ஆனால் நீளமான பட்டியலில், அதுவும் முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, அதை யார் கவனிப்பார்?

அரிசி ஆலைக்கு நெல் கொண்டுபோகிறவர்கள் மூடையின் மேல் பெயரையோ ஒரு குறியையோ போட்டுவிடுவார்கள். “சுவர்ப் பக்கம் இரண்டாவது அடுக்கில் கீழிருந்து நாலாவது” என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், மழை ஒழுகுகிறது என்று ஆலைக்காரர் மூடைகளை இடம் மாற்றி அடுக்கின அன்றைக்கே கணக்குப் பிழைத்துவிடும். திரையில் இருக்கிற அட்டவணை எந்த நேரமும் மாற்றி அடுக்கப்படுகிற மூடைகள்தான். வரிசைப்படுத்தினால் மாறும், வடிகட்டினால் மாறும், பக்கம் புரட்டினால் மாறும், வேறொருவர் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தாலும் மாறும். கையால் எழுதுகிற பதிவேட்டில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பெயரும் டிக்கும் ஒரே கோட்டில், ஒரே தாளில் கிடக்கும். பதிவேட்டில் பழகின கைக்குத் திரையிலும் அதே நம்பிக்கைதான் இருக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது எழுதுகிற எங்களுடைய பொறுப்பு.

ஆகவே, ஒவ்வொரு நிரைக்கும் எந்த வரிசையிலும் மாறாத ஒரு அடையாளம் வேண்டும். அதை ஐடி என்போம். டிக் விழுந்தால் ஐடியை நினைவில் வை, இடத்தை வைக்காதே. அவ்வளவுதான் அடிப்படை.

எதை ஐடியாக வைப்பது? பெயர் சரிவராது. எங்கள் பட்டியலில் மட்டும் கணபதிப்பிள்ளை என்று 5 பேர், அதில் இரண்டு பேருக்கு முதலெழுத்தும் ஒன்று. தேசிய அடையாள அட்டை இலக்கம் பொருத்தமாகத் தெரியும். ஆனால் பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒருவர் அட்டையைப் புதுப்பித்தால் உங்கள் ஐடியும் மாறவேண்டி வரும். அதோடு, ஒருவருடைய அட்டை இலக்கத்தைத் திரையின் ஒவ்வொரு மூலையிலும், இணைய முகவரியிலும்கூட சுற்றவிடுவது நல்லதல்ல. தரவுத்தளம் தானாகக் கொடுக்கிற ஒரு தொடர் இலக்கமே போதும். அதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை என்பதால் அதை மாற்றவேண்டிய தேவையும் வராது.

வேறொருவர் எழுதி ஆயத்தமாகக் கிடைக்கிற நிரல் தொகுப்புகளை, அதாவது லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறவர்களும் இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். வலைத்திரைகளைக் கட்ட உதவுகிற ரியாக்ட்டில், அட்டவணைக்கென்று பலர் எடுக்கிற டான்ஸ்டாக் டேபிள் (TanStack Table), நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், கொடுத்த தரவில் அந்த நிரை எத்தனையாவது என்பதையே அதன் ஐடியாக எடுத்துக்கொள்ளும். லைப்ரரியே வரிசைப்படுத்தினால் அதனால் பிழை வராது. தரவைச் சேர்வரிலிருந்து (தரவை வைத்திருந்து கொடுக்கிற கணினியிலிருந்து) பக்கம் பக்கமாக எடுக்கிறீர்கள் என்றால்தான் வில்லங்கம்: முதல் பக்கத்தில் 3ஆவதுக்குப் போட்ட டிக், இரண்டாம் பக்கம் வந்ததும் அங்கே 3ஆவதாக இருக்கிறவருக்கும் காட்டும். ‘கெட்ரோஐடி’ (getRowId) என்ற அமைப்பில் உங்கள் தரவின் ஐடி எது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஏஜி கிரிட் என்ற இன்னொரு அட்டவணை லைப்ரரியிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு.

திரையைக் கேட்காதீர்கள்

இரண்டாவதாகப் பலர் விடுகிற பிழை, எந்தெந்தச் செக்பொக்ஸில் டிக் இருக்கிறது என்று கடைசி நேரத்தில் திரையைத் தேடிப் பார்ப்பது. பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் உள்ள எல்லாச் செக்பொக்ஸையும் திரட்டி, டிக் உள்ளவற்றை எடுப்பார்கள். 25 நிரை உள்ள ஒரே பக்கத்தில் இது வேலை செய்யும். இரண்டாம் பக்கத்துக்குப் போன உடனே முதல் பக்கத்துச் செக்பொக்ஸ்கள் திரையில் இல்லை, அதோடு அந்தத் தெரிவுகளும் போய்விடும். பெரிய பட்டியல்களில் உலாவி மந்தமாகாமல் இருக்க, கண்ணுக்குத் தெரிகிற நிரைகளை மட்டும் வரைந்து, ஸ்க்ரோல் செய்யச் செய்ய அதே நிரைகளில் புதிய ஆட்களை இருத்துகிற உத்தி ஒன்று இருக்கிறது. அங்கே திரையைக் கேட்டால் கிடைக்கிற பதில் இன்னும் மோசமாக இருக்கும்.

சரியான வழி இதற்கு நேர் எதிர். தெரிவுகளுக்கென்று தனியாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். உலாவியில் ஓடுகிற மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ‘செட்’ (Set) என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை இரண்டு தரம் போட்டாலும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். இருக்கிறதா என்று கேட்டால் உடனே சொல்லும். இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். டிக் போட்டால் ஐடியைப் பைக்குள் போடு, எடுத்தால் பையிலிருந்து எடு. ஒரு நிரையை வரையும்போது, “இந்த ஐடி பைக்குள் இருக்கிறதா?” என்று கேட்டு, இருந்தால் டிக்கோடு வரை. உண்மை பைக்குள் இருக்கிறது. திரை அதைக் காட்டுகிற கண்ணாடி மட்டுமே.

இதில் தொடக்கக்காரர் எல்லாரும் ஒரு முறையாவது தடுக்கி விழுகிற கல் ஒன்று உண்டு. செட்டுக்கு 17 என்ற எண்ணும், “17” என்ற எழுத்துச் சரமும் வேறு வேறு. சேர்வரிலிருந்து வந்த ஐடி எண்ணாக இருக்கும். நிரையில் எழுதிவைத்து அங்கிருந்து திரும்ப எடுத்த ஐடி சரமாக இருக்கும். பைக்குள் போட்டது எண், தேடுவது சரம் என்றால், “இல்லை” என்றுதான் பதில் வரும். டிக் போட்டும் ஒட்டமாட்டேன் என்கிறதே என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். எதுவானாலும் ஒரே வகையாக வைத்துக்கொள்ளுங்கள், நான் எல்லாவற்றையும் சரமாக மாற்றிவிடுவேன். ரியாக்ட்டில் எழுதுகிறவர்கள் பழைய செட்டுக்குள்ளேயே திணிக்காமல், புதிய செட் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் நடந்ததே அதற்குத் தெரியாது, திரை அப்படியே நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத தெரிவுகள்

ஐடியைப் பைக்குள் போட்டாயிற்று. இப்போது இன்னொரு கேள்வி வருகிறது. இது செயலியைப் பற்றியது என்பதை விட ஆட்களைப் பற்றியது என்றே சொல்வேன்.

அக்கா 12 பேருக்கு டிக் போடுகிறார். பிறகு வட்டை (வயல்வெளிப் பிரிவு) வாரியாக வடிகட்டி, ஒரு வட்டையில் உள்ள 40 பேரை மட்டும் பார்க்கிறார். டிக் போட்ட 12 பேரில் 5 பேர் இந்த வட்டையில் இல்லை, திரையிலும் இல்லை. ஆனால் பைக்குள் இருக்கிறார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் 7 பேருக்கா, 12 பேருக்கா?

சில செயலிகள் வடிகட்டியை மாற்றின உடனேயே தெரிவு முழுவதையும் அழித்துவிடும். அது பாதுகாப்பானது, ஆனால் கொடுமையானது. பத்து நிமிடம் தேடித்தேடிப் போட்ட டிக் ஒரு தட்டில் போனால் யாருக்கும் மனம் வெறுத்துப்போகும். வேறு சில ஒன்றும் சொல்லாமல் வைத்திருக்கும். அது ஆபத்து. நான் தெரிவுகளை வைத்திருந்து, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிற பக்கம். அட்டவணைக்கு மேலே ஒரு பட்டை: “12 பேர் தெரிவாகியுள்ளனர். இதில் 5 பேர் இப்போது திரையில் இல்லை.” பக்கத்தில் இரண்டு பொத்தான்: ‘தெரிவானவர்களை மட்டும் காட்டு’, ‘எல்லாவற்றையும் நீக்கு’. முதல் பொத்தானை எழுத எனக்கு அரை நாள் எடுத்தது. அக்கா இப்போது ‘வழங்கியாயிற்று’ அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதைத்தான் தட்டுகிறார், விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசிக்கிறார்.

இனி, தலைப்பு நிரையில் இருக்கிற அந்த ஒற்றைச் செக்பொக்ஸ். எல்லாவற்றையும் தெரிவு செய்வதற்கானது. இதற்கு மூன்று நிலை உண்டு: ஒன்றும் தெரிவாகவில்லை, எல்லாம் தெரிவாகிவிட்டது, சிலது மட்டும் தெரிவாகியிருக்கிறது. மூன்றாவது நிலையில் பெட்டிக்குள் டிக்குக்குப் பதில் ஒரு சிறு கோடு தெரியும். அதற்கு ‘இன்டிடெர்மினேட்’ (indeterminate) என்று பெயர். பக்கத்தின் அமைப்பை எழுதுகிற எச்டிஎம்எல்லில் எழுதி அதை வரவைக்க முடியாது, ஜாவாஸ்கிரிப்டில் மட்டுமே வைக்கலாம். அதுவும் வெறும் தோற்றம்தான். டிக் இருக்கிறதா இல்லையா என்ற மதிப்பு அடியில் தனியாக இருக்கும். இந்த நிலையையும் தனியாகச் சேமித்து வைக்காதீர்கள். பையில் எத்தனை, பக்கத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து ஒவ்வொரு முறையும் கண்டுபிடியுங்கள். சேமித்து வைத்தால் என்றைக்காவது ஒரு நாள் அது பையோடு ஒத்துப்போகாமல் நிற்கும்.

‘எல்லாம்’ என்றால் எது? 640 பேர், பக்கத்துக்கு 25 பேர், 26 பக்கம். தலைப்புச் செக்பொக்ஸைத் தட்டினால் இந்தப் பக்கத்தின் 25 பேரா, 640 பேருமா? தட்டுகிறவர் நினைப்பது ஒன்று, செயலி செய்வது இன்னொன்று என்றால் பெரிய சேதம் வரும். ஜிமெயில் இதை அழகாகக் கையாள்கிறது. முதல் தட்டில் இந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டும் தெரிவாகும். உடனே மேலே ஒரு வரி வந்து, இந்தப் பக்கத்தில் இத்தனை தெரிவாகியிருக்கிறது, மொத்தத்தையும் தெரிவு செய்யவா என்று கேட்கும். வேண்டுமானால் இன்னொரு தட்டு. நான் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறேன்.

640 பேரையும் தெரிவு செய்து, அதில் 3 பேரை நீக்கினால் என்ன செய்வது? 637 ஐடிகளைப் பைக்குள் வைத்துச் சேர்வருக்கு அனுப்பலாம். ஆட்கள் ஆயிரக்கணக்கில் போனால் அது சுமை. அந்த ஐடிகளில் பல உலாவிக்கு இன்னும் வந்தே சேர்ந்திருக்காது. அப்போது பையைத் தலைகீழாக்கிவிட வேண்டும்: “எல்லாரும், இந்த 3 பேரைத் தவிர.” பயன்படுத்திய வடிகட்டியையும் விலக்கிய ஐடிகளையும் மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தட்டின நேரத்துக்கும் சேர்வர் வேலை செய்கிற நேரத்துக்கும் இடையில் புதிதாக ஒருவர் சேர்க்கப்பட்டால் அவரும் ‘எல்லாரும்’ என்பதற்குள் வந்துவிடுவார். பசளைக் கணக்குப் போன்ற வேலையில் அது கூடாது. அதனால் திரையில் காட்டின எண்ணிக்கையையும் கூடவே அனுப்பி, சேர்வர் எண்ணுவது அதோடு ஒத்துவராவிட்டால் நிறுத்திக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

தட்டுகிற விரல்

நிரையில் எங்கே தட்டினாலும் தெரிவாக வேண்டுமா, செக்பொக்ஸில் தட்டினால் மட்டுமா? எங்கள் பட்டியலில் பெயரைத் தட்டினால் அவருடைய விபரம் திறக்கும். நிரை முழுவதும் தெரிவுக்கு என்றால் இரண்டும் மோதும். தொலைபேசி இலக்கத்தை கொப்பி பண்ண இழுத்தாலும் டிக் விழும். நான் செக்பொக்ஸுக்கு மட்டுமே அந்த வேலையைக் கொடுத்துவிட்டு, அது இருக்கிற கட்டம் முழுவதையும் தட்டக்கூடியதாக விட்டேன். வயல்களின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கிற வட்டவிதானை வயல் வரம்பில் நின்று, ஈரக் கையோடு கைத்தொலைபேசியில் தட்டுகிறவர். அவருக்குச் சின்னப் பெட்டி காணாது. 2023இல் வெளிவந்த வலை அணுகல் வழிகாட்டி (WCAG) 2.2இன் இரண்டாம் மட்டத்தில் (AA) தட்டும் இடத்துக்கு 24க்கு 24 பிக்சல் குறைந்தபட்சமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் 44 வைக்கிறேன்.

கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிஃப்ட் தெரிவு பெரிய உதவி. ஒருவரைத் தட்டி, பத்துப் பேர் தள்ளி ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இன்னொருவரைத் தட்டினால் இடையில் உள்ள எல்லாரும் தெரிவாவார்கள். முதலில் தட்டினது மாடு கட்டுகிற முளை மாதிரி, அதிலிருந்துதான் கயிறு ஓடும். முளையையும் ஐடியாகவே நினைவில் வையுங்கள். கயிறு ஓடுகிற வரிசை மட்டும் அந்த நேரத்தில் திரையில் தெரிகிற வரிசையாக இருக்கவேண்டும். இதை எழுதும்போது ஒன்று உதவும்: செக்பொக்ஸின் ‘சேஞ்ச்’ நிகழ்வில் ஷிஃப்ட் அழுத்தியிருந்ததா என்ற தகவல் வராது, ‘கிளிக்’ நிகழ்வில் வரும்.

கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பானோடு வேலை செய்யும்போது 25 செக்பொக்ஸும் “தெரிவு செய்க, தெரிவு செய்க” என்றே ஒலித்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொன்றின் பெயரிலும் ஆளின் பெயரைச் சேருங்கள்: “சின்னத்தம்பியைத் தெரிவு செய்க.” தெரிவான நிரைக்கு நிறம் கொடுங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் டிக்கையும் வையுங்கள். வெயிலில் பார்த்தால் இளநீலமும் வெள்ளையும் ஒன்றுதான்.

கடைசியாகச் சேர்வர். ஐடிகள் வந்துவிட்டன என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது. அனுப்பியவருக்கு அந்த ஆட்களின் கணக்கைத் தொட அனுமதி இருக்கிறதா, இடையில் வேறொரு மேசையில் ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். “14இல் 13 பேருக்குப் பதிந்தது, ஒருவருக்கு ஏற்கெனவே பதிவு உண்டு” என்று பெயரோடு பதில் வரவேண்டும். பதிந்த 13 பேரைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சம் ஒருவரை மட்டும் டிக்கோடு விட்டுவிட்டால், யாரைக் கவனிக்கவேண்டும் என்று கண் தானாக அங்கே போகும். உறுதிசெய்கிற பெட்டியில் “உறுதியா?” என்று மட்டும் கேட்பதை நான் விட்டுவிட்டேன். பெயர்களைக் காட்டுகிறேன். பதிந்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு ‘திரும்ப எடு’ என்ற பொத்தானும் நிற்கும்.

அந்த ஐயாவின் கணக்கை அன்றே திருத்தினோம். மற்ற 13 பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னோம்.

நீங்கள் எழுதின அட்டவணையை இப்போதே திறந்துபாருங்கள். மூன்று பேருக்கு டிக் போட்டு, பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். வரிசையை மாற்றுங்கள். ஒரு வடிகட்டியைப் போட்டு எடுங்கள். இரண்டாம் பக்கம் போய் இன்னும் ஒருவருக்கு டிக் போட்டு, அவருடைய பெயரையும் தாளில் எழுதிவிட்டுத் திரும்ப வாருங்கள். இன்னொரு உலாவியில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்து, இங்கே தரவைப் புதுப்பியுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி, சேர்வருக்குப் போன ஐடிகளைத் தாளில் எழுதிய நான்கு பெயர்களோடு ஒத்துப்பாருங்கள்.